நெருக்கடியான ஹெலிபேடிலிருந்து கிளம்பும்போது என்ஜின் நின்றுவிட்டால்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹெலிகாப்டரில் ஏறப் போகிறவர்களுக்குப் பயணத்துக்கு முன் பாதுகாப்பு விளக்கம் சொல்வது என் வேலை. சீட் பெல்ட், கதவு, உயிர்காப்பு உடுப்பு என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கேட்பவர்களின் மனம் என்ஜினில் நிற்கும். அது நின்றுபோனால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. அதையே ஆளுக்கொரு விதமாகக் கேட்பார்கள். அப்படி வந்த சந்தேகங்களைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். இது விமானிகளுக்கான பாடம் அல்ல. அவர்களுக்கு அவரவர் ஹெலிகாப்டரின் கையேடு இருக்கிறது, அதில் ஒரு வரிகூடத் தள்ளுபடி இல்லை.

என்ஜின் நின்றால் ஹெலிகாப்டர் அப்படியே விழுந்துவிடுமாமே?

விழாது. என்ஜினுக்கும் தலைக்கு மேல் சுழலும் ரோட்டாருக்கும் நடுவில் ஒருவழிக் கிளட்ச் ஒன்று உண்டு. என்ஜின் நின்றதும் அது தானாக விடுபட்டு, ரோட்டாரைத் தன்போக்கில் சுழல விடும். விமானி உடனே இடது கையிலுள்ள கலெக்டிவ் நெம்புகோலைத் தாழ்த்துவார். ரோட்டார் இறக்கைகளின் சாய்வு குறையும். ஹெலிகாப்டர் இறங்க இறங்க, கீழிருந்து மேலே பாயும் காற்று ரோட்டாரைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். பனையோலைக் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு ஓடும் பிள்ளையின் கையில் அது சுழல்கிறதே, அதே சங்கதிதான். ஆட்டோரொட்டேஷன் என்று பெயர்.

அப்போது இறங்கும் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,500 முதல் 2,000 அடி. 500 அடி உயரத்தில் என்ஜின் நின்றால் தரைக்கு வர 15 முதல் 20 நொடி ஆகும். தரையை நெருங்கியதும் மூக்கைத் தூக்கி முன்வேகத்தைக் கொல்வார்கள். கடைசி சில அடிகளில் கலெக்டிவை உயர்த்தி, ரோட்டாரில் மிச்சமிருக்கும் சுழற்சியைச் செலவழித்து உட்காருவார்கள். அந்தச் சேமிப்பை ஒரே ஒரு முறைதான் செலவழிக்க முடியும். 40 அடியில் அவசரப்பட்டு உயர்த்திவிட்டால், தரைக்கு வரும்போது கையில் ஒன்றும் இருக்காது.

அப்படியானால் தாழப் பறப்பதுதானே பாதுகாப்பு? விழுந்தாலும் கொஞ்ச உயரம்தானே?

நான் அதிகம் கேட்ட கேள்வி இது. விடை இதற்கு நேரெதிர். ஆட்டோரொட்டேஷன் நிலைகொள்ள உயரம் வேண்டும், அல்லது முன்வேகம் வேண்டும். இரண்டில் ஒன்றாவது கைவசம் இருந்தால் அதை மற்றதாக மாற்றிக்கொள்ளலாம். இரண்டும் இல்லாத இடம்தான் ஆபத்து. அதாவது, தரையைவிட்டு நன்றாக மேலே வந்துவிட்டு, வேகமில்லாமல் அந்தரத்தில் நிற்பது.

ஒவ்வொரு ஹெலிகாப்டரின் கையேட்டிலும் உயரத்தையும் வேகத்தையும் வைத்து வரைந்த ஒரு வரைபடம் இருக்கும். அதில் நிழலிட்ட பகுதிக்குள் என்ஜின் நின்றால் பத்திரமாக இறங்குவதற்கு உத்தரவாதம் இல்லை. விமானிகள் தங்களுக்குள் அதை டெட் மேன்ஸ் கர்வ் என்றே சொல்வார்கள். ஒற்றை என்ஜின் கொண்ட பல சிறிய ரகங்களில், வேகமில்லாமல் நிற்கும்போது அந்த நிழல் ஏறத்தாழ 10 அடியில் தொடங்கி 400, 500 அடி வரை நீளும். 5 அடியில் என்ஜின் நின்றால் தடாலென்று உட்காருவதோடு போகும். 1,000 அடி இருந்தால் நேரம் கிடைக்கும். நடுவில் 100 அடியில் அசையாமல் நிற்பதுதான் எவரும் விரும்பாத நிலை.

சாதாரண மைதானத்தில் ஏன் நேராக மேலே போகாமல் தரையை ஒட்டிக் கொஞ்ச தூரம் ஓடுகிறது?

மேலே சொன்ன நிழலுக்குள் நுழையாமல் இருக்கத்தான். இன்னும் இரண்டு லாபங்களும் உண்டு. ரோட்டாரின் விட்டம் அளவு உயரத்துக்குள் இருக்கும்வரை தரையின் அணைப்பால் குறைந்த சக்தியே போதும். முன்வேகம் 16 முதல் 24 நாட் வரை, அதாவது மணிக்கு 30 முதல் 45 கிலோமீட்டர் வரை வந்ததும் ரோட்டாருக்குப் புதிய காற்று கிடைத்து, தூக்கும் திறன் திடீரென்று கூடும். அந்தக் கட்டத்தில் உடம்பெங்கும் ஒரு அதிர்வு ஓடுவதை நீங்கள் உணரலாம். கோளாறு என்று நினைத்துப் பக்கத்து இருக்கைக்காரரின் கையைப் பிடிக்க வேண்டியதில்லை.

மருத்துவமனை மாடியிலிருந்து கிளம்பும்போது பின்பக்கமாகப் போகிறதே, ஏன்?

ஓடுவதற்கு இடமில்லாத தளங்களுக்கென்றே வகுத்த முறை அது. இரண்டு என்ஜின் ஹெலிகாப்டர்களில், கையேடு அனுமதிக்கும் எடைக்குள் இருந்தால் மட்டுமே செய்வார்கள். சுற்றிலும் கட்டடம், மின்கம்பி, மரம். முன்னால் ஓடினால் தளம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். அந்த நேரத்தில் ஒரு என்ஜின் நின்றால் திரும்ப இறங்க இடம் கண்ணில் படாது. நேர் செங்குத்தாக ஏறினாலும் தளம் வயிற்றுக்குக் கீழே ஒளிந்துகொள்ளும். அதனால் மேலேயும் பின்னாலேயும் சேர்ந்தாற்போல் சாய்வாக ஏறுகிறார்கள். விமானியின் காலடியில், பெடல்களுக்கு முன்னால், கீழே பார்க்க ஒரு கண்ணாடிச் சன்னல் இருக்கிறது. தளத்தில் எழுதிய ஹெச் எழுத்து அந்தக் கண்ணாடியிலோ அதற்குச் சற்று மேலோ, ஒரே இடத்தில் நிலைத்துத் தெரியுமாறு பின்வாங்கிக்கொண்டே ஏறுவார். எழுத்து கண்ணாடியின் கீழ்விளிம்புக்கு நழுவினால் பின்வாங்குவது போதவில்லை. மேல்பக்கம் போனால் அளவுக்கு மீறிவிட்டது.

இப்படி ஏறும்போது ஒரு உயரத்தை முன்கூட்டியே குறித்து வைத்திருப்பார்கள். அதுதான் புறப்பாட்டு முடிவுப் புள்ளி. அதற்குக் கீழே ஒரு என்ஜின் நின்றால் கண்ணெதிரே இருக்கும் தளத்துக்கே திரும்ப வேண்டும். அதற்கு மேலே நின்றால் திரும்பக் கூடாது. மூக்கைத் தாழ்த்தி, சேர்த்து வைத்த உயரத்தை வேகமாக மாற்றி, மிச்சமுள்ள ஒரு என்ஜினோடு முன்னால் போய்விட வேண்டும். அந்த உயரம் ரகத்துக்கு ரகம், முன்னால் நிற்கும் தடையின் உயரத்துக்கு ஏற்ப மாறும். 100 அடியைத் தாண்டுவது சாதாரணம்.

முன்னால் போகும்போது சற்று இறங்கத்தான் செய்யும். தரைமட்டத் தளத்தில் அந்த இறக்கத்தின்போது தளத்துக்கு மேல் 15 அடி உயரத்துக்குக் குறையக் கூடாது, பாதுகாப்பு வேகம் (ஒரே என்ஜினோடு ஏறத் தேவையான வேகம்) வந்து ஏறத் தொடங்கும்போது 35 அடியாவது இருக்க வேண்டும் என்பது பெரிய ஹெலிகாப்டர்களுக்கான அமெரிக்கச் சான்றிதழ் விதி. பின்வாங்கி ஏறியதெல்லாம் இந்தக் கணக்குக்காகத்தான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விமானி தயங்குவதுபோல் தெரியும். உண்மையில் தரையை விட்டது முதல் ஒவ்வொரு நொடியிலும் திரும்புவது அல்லது போவது, இரண்டில் ஒரு வழியாவது திறந்திருக்கிறது.

அந்த நொடியில் யோசித்து முடிவெடுக்க நேரம் இருக்குமா?

இருக்காது, யோசிக்கவும் மாட்டார்கள். கிளம்பும் முன்பே ‘முடிவுப் புள்ளிக்குக் கீழே என்றால் திரும்புகிறோம், மேலே என்றால் போகிறோம், இந்தத் திசையில்’ என்று விமானிகள் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வார்கள். புள்ளியைத் தாண்டும்போது அதையும் உரக்க அறிவிப்பார்கள்.

இரண்டு என்ஜினில் ஒன்று போனால் பாதிச் சக்தி மிச்சம் இருக்கிறதே, அது போதாதா?

எங்கே, எப்போது போகிறது என்பதைப் பொறுத்தது. அந்தரத்தில் அசையாமல் நிற்பதுதான் ஹெலிகாப்டருக்கு மிகச் செலவான வேலை. 60, 70 நாட் வேகத்தில் முன்னால் பறக்கும்போது தேவைப்படும் சக்தி, நிற்பதற்குத் தேவைப்படுவதில் ஏறத்தாழ பாதிதான், சற்றுக் கூடலாம். ஆகவே ஒரே என்ஜினோடு சமநிலையில் பறந்து ஊர் போய்ச் சேரும் அதே ஹெலிகாப்டரால், அதே எடையில் ஒரே என்ஜினோடு அந்தரத்தில் நிற்க முடியாமல் போகலாம். முன்பே சொன்ன பாதுகாப்பு வேகத்தை எட்ட விமானி துடிப்பது இதனால்தான். நிற்க முடியாத நிலையிலிருந்து பறக்க முடிகிற நிலைக்கு அவர் தாவியாக வேண்டும்.

அந்தத் தாவலுக்கு உதவ, மிச்சமுள்ள என்ஜினைச் சிறிது நேரம் வழக்கமான எல்லைக்கு மேல் முறுக்க அனுமதி உண்டு. சில என்ஜின்களில் இரண்டரை நிமிடம். சிலவற்றில் முதல் 30 நொடிக்கு ஒரு உச்ச வரம்பு, பிறகு 2 நிமிடத்துக்குச் சற்றுக் குறைந்த வரம்பு. 30 நொடி வரம்பைத் தொட்டுவிட்டால் தரைக்கு வந்ததும் அந்த என்ஜினைச் சோதித்தே ஆக வேண்டும். உயிர் பிழைக்க என்ஜினின் ஆயுளைக் கொடுக்கிறார்கள். மலிவான பண்டமாற்று என்பேன்.

இரண்டும் ஒரே நேரத்தில் நிற்கவே நிற்காதுதானே?

தனித்தனிக் கோளாறால் ஒரே நேரத்தில் நிற்பது மிக அரிது. பொதுவான காரணத்தால் நிற்கலாம், அந்தக் காரணம் பெரும்பாலும் எரிபொருள். 2013 நவம்பர் 29 அன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஈசி135 ரகப் போலீஸ் ஹெலிகாப்டர் ஒன்று கிளதா என்ற மதுக்கூடத்தின் கூரைமேல் விழுந்தது. ஹெலிகாப்டரில் இருந்த 3 பேரும் உள்ளே இருந்த 7 பேரும் இறந்தார்கள். பிரதானத் தொட்டியில் எரிபொருள் இருந்தது. ஆனால் அதை என்ஜின்களுக்கு ஊட்டும் சிறு தொட்டிகளுக்கு அனுப்பும் பம்புகள் அணைந்திருந்தன. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு என்ஜின்களும் நின்றன. இரண்டு என்ஜின் என்பது ஒரு வகைத் தோல்விக்கான காப்பீடு மட்டுமே.

மாடியிலிருந்து கிளம்பினால் கீழே நிறைய இடம் இருக்கிறது. தரையைவிட அது வசதிதானே?

ஒரு விதத்தில் ஆமாம். முடிவுப் புள்ளிக்குப் பிறகு என்ஜின் நின்றால், தளத்தின் மட்டத்துக்குக் கீழேயும் இறங்கி வேகம் பிடிக்கலாம் என்று உயர்ந்த தளங்களுக்கான விதியே அனுமதிக்கிறது. நிபந்தனை: தளத்தின் விளிம்பையும் மற்ற தடைகளையும் ஹெலிகாப்டரின் எந்தப் பாகமும் 15 அடிக்குக் குறையாத இடைவெளியில் தாண்ட வேண்டும். கடலில் எண்ணெய்க் கிணறுகளின் மேடைகளிலிருந்து கிளம்பும்போதும் கீழே கிடக்கும் வெற்றிடம் இதே வகையில் உதவும்.

ஆனால் மாடியில் எது தவறினாலும் கீழே தெருவில் இருப்பவர்கள்மேலும் விழும். 1977 மே 16 அன்று நியூயார்க்கின் பான் ஆம் கட்டட மாடியில் எஸ்-61 ரக ஹெலிகாப்டர் ஒன்று ரோட்டார் சுழன்றபடியே பயணிகளை ஏற்றிக்கொண்டிருந்தது. உலோகச் சோர்வால் அதன் சக்கரக்கால் ஒன்று முறிந்து ஹெலிகாப்டர் சாய்ந்தது. இறக்கைகள் மாடியில் 4 பேரைக் கொன்றன. தெறித்த துண்டு கீழே தெருவில் நடந்துபோன ஒருவரின் உயிரையும் வாங்கியது. என்ஜின்களில் ஒரு குறையும் இல்லை. அந்த மாடித்தளம் அத்தோடு மூடப்பட்டது.

ஒரே ஒரு என்ஜின்தான் என்றால் மரங்கள் சூழ்ந்த இடத்திலிருந்து எப்படிக் கிளம்புவார்கள்?

பின்வாங்கி ஏறும் வித்தை இங்கே பயன்படாது. என்ஜின் நின்றால் ‘போவது’ என்ற வழியே இல்லை. ஆகவே ஆபத்தான நிழலுக்குள் இருக்கும் நேரத்தைச் சுருக்குவதே வேலை. முதலில் தரையிலிருந்து சில அடி எழுந்து நின்று, எவ்வளவு சக்தி செலவாகிறது, எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பார்கள். மிச்சம் போதாவிட்டால் உட்கார்ந்து எடையைக் குறைக்க வேண்டும். ‘எப்படியும் ஏறிவிடும்’ என்று ஆரம்பித்தவர்களின் கதைகள் விபத்து அறிக்கைகளில் நிறையக் கிடக்கின்றன.

பிறகு காற்று வரும் திசையைப் பார்த்து, மைதானத்தின் கடைசி மூலைக்குப் பின்னால் போய், மூலைவிட்டமாக ஓடுபாதையை நீட்டிக்கொள்வார்கள். எதிரே இருக்கும் தடைகளில் தாழ்ந்ததைத் தேர்ந்து, அதைத் தாண்டத் தேவையான சரிவில் மட்டும் ஏறுவார்கள். செங்குத்தாக ஏறுவது கடைசி வழி. தடையைத் தாண்டியதும் உயரத்தைத் துரத்தாமல் வேகத்தைத் துரத்துவார்கள்.

மதியம் வெயில் ஏறியதும் ஒருவரை இறக்கிவிட்டுப் போகிறார்களே, ஏமாற்று வேலையா?

இல்லை, இறக்கிவிடுகிற விமானியைத்தான் நான் நம்புவேன். சூடான காற்று மெலிந்த காற்று. ரோட்டாருக்கும் பிடி குறையும், என்ஜினுக்கும் மூச்சுக் குறையும். சென்னையில் மே மாதம் 40 டிகிரி என்றால், கடற்கரையில் நிற்கும் ஹெலிகாப்டர் கிட்டத்தட்ட 3,000 அடி மலையில் நிற்பதாகத்தான் கணக்கு. காலையில் ஒரு என்ஜின் நின்றாலும் தப்பிக்கக்கூடிய எடை, மதியம் அப்படி இருக்காது. இரண்டு என்ஜினும் ஓடும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது; எல்லாரையும் ஏற்றிக்கொண்டு ஜம்மென்று கிளம்பிவிடும். ஒன்று நிற்கும்போதுதான் அந்த எழுபது கிலோ பேசும்.

எதிர்க்காற்று இருந்தால் உதவும். ஆனால் காற்றை நம்பி எடையைக் கூட்டும்போது, வீசும் வேகத்தில் பாதியைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது பல நாடுகளின் விதி. காற்று சொன்ன சொல்லைக் காப்பாற்றாது என்று விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கேதார்நாத்துக்கு ஒற்றை என்ஜின் ஹெலிகாப்டரில் போகிறார்களே, அது எப்படிச் சரி?

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ ஹெலிகாப்டர் பயணங்களை மூன்று செயல்திறன் வகுப்புகளாகப் பிரிக்கிறது. முதல் வகுப்பில், எந்தக் கட்டத்தில் ஒரு என்ஜின் நின்றாலும் தளத்துக்குத் திரும்பவோ பயணத்தைத் தொடரவோ முடிய வேண்டும். இரண்டாம் வகுப்பில், புறப்பாட்டின் தொடக்கத்திலும் இறங்கும் கடைசிக் கட்டத்திலும் மட்டும் கட்டாயத் தரையிறக்கம் நேரலாம். மூன்றாம் வகுப்பில், பயணத்தின் எந்தக் கட்டத்திலும் நேரலாம். ஒற்றை என்ஜின் எப்போதும் மூன்றாம் வகுப்புதான். வழியில் இறங்க இடம் கிடைக்குமா என்பதே அங்கே முழுக் கேள்வியும்.

கேதார்நாத் ஏறத்தாழ 11,750 அடி உயரத்தில் இருக்கிறது. ஜூன் மாதப் பகலில் 12 டிகிரி வெயில் அடித்தால், காற்றின் அடர்த்தி 14,000 அடிக்குரியதாகிவிடும்; கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. அந்த உயரத்தில், கனமான இரண்டு என்ஜின் ஹெலிகாப்டர் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஒரு என்ஜினோடு சமாளிக்கும் என்று சும்மா எடுத்துக்கொள்ள முடியாது. எடை குறைந்த, சக்தி மிகுந்த ஒற்றை என்ஜின் ரகங்களான பெல் 407, எச்125 போன்றவை அங்கே புழங்குவதற்கு அது ஒரு காரணம். சரியா என்று கேட்டால், குறுகிய பள்ளத்தாக்கில் நாள் முழுவதும் நடை நடையாகப் பறப்பது எனக்கு உவப்பான ஏற்பாடு அல்ல. ஆனால் நான் அஞ்சுவது என்ஜினை அல்ல. 2022 அக்டோபர் 18 அன்று கருட் சட்டி அருகிலும், 2025 ஜூன் 15 அன்று கௌரிகுண்ட் அருகிலும், கேதார்நாத்திலிருந்து திரும்பிய பெல் 407 ஹெலிகாப்டர்கள் விழுந்து தலா 7 பேர் இறந்தார்கள். இரண்டிலும் முதலில் பேசப்பட்டது மேகமும் மங்கிய பார்வையும்.

குன்னூரில் விழுந்ததில் இரண்டு என்ஜின் இருந்ததே?

இருந்தது, இரண்டும் ஓடிக்கொண்டும் இருந்தன. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் போன விமானப்படையின் எம்ஐ-17வி5 விபத்தில், முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் இறந்தார்கள். இயந்திரக் கோளாறோ நாசவேலையோ அல்ல, எதிர்பாராமல் மேகத்துக்குள் நுழைந்து திசையுணர்வு தப்பியதால் மலையில் மோதியது என்று விமானப்படை 2022 ஜனவரியில் அறிவித்தது. ‘எத்தனை என்ஜின்?’ என்ற கேள்வி மலைப்பகுதியில் இரண்டாவதாகத்தான் வர வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

பிரசாரத்துக்கு வருகிறவர்கள் கல்லூரி மைதானத்தில்தானே இறங்குகிறார்கள், அங்கே என்ன ஆபத்து?

தற்காலிகத் தளத்தில் சுண்ணாம்புப் பொடியால் வட்டமும் ஹெச் எழுத்தும் போடுவார்கள், புழுதி கிளம்பாமல் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து தெளிப்பார்கள், காற்றின் திசை தெரியப் புகை போடுவார்கள், தீயணைப்பு வண்டி நிற்கும். இவையெல்லாம் பெரும்பாலும் ஒழுங்காக நடக்கும். கெடுவது கூட்டத்தால். ஹெலிகாப்டர் தரையை விட்டதும் கயிற்றைத் தாண்டிக்கொண்டு தளத்துக்குள் ஓடி, கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி நிற்பார்கள். காவலர்களும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுவார்கள்.

பின்பக்கமாக ஏறும் முறையைப் பற்றிய பதிலை நினைத்துப் பாருங்கள். முடிவுப் புள்ளிக்குக் கீழே இருக்கும்வரை விமானிக்கு இருக்கும் ஒரே வழி, அதே தளத்துக்குத் திரும்புவது. இப்போது அங்கே ஆட்கள் நிற்கிறார்கள். என்ஜின் எதுவும் நிற்காமலே அவருடைய வழிகளில் ஒன்றைக் கூட்டம் பறித்துவிட்டது. ஹெலிகாப்டர் முன்னால் சாய்ந்து வேகம் பிடித்து மைதானத்தைத் தாண்டும்வரை தளம் அதனுடையது. ஏற்பாட்டாளர்களுக்கு நான் சொல்ல விரும்பும் ஒரே விதி இதுதான். தண்ணீர் லாரிக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக் கயிற்றுக்குக் கொடுத்தால் போதும்.

‘கேட்டகரி ஏ’ ஹெலிகாப்டர் என்றால் கவலையே வேண்டாமா?

ஒரு என்ஜின் நின்றாலும் திரும்பவோ தொடரவோ முடியும் என்பதற்கான சான்றிதழ் அது, ஹெலிகாப்டரின் தகுதி. உங்கள் பயணத்தின் தகுதி வேறு. கேட்டகரி ஏ சான்றிதழ் பெற்ற அதே ஹெலிகாப்டரை அதிக எடையோடு, கையேட்டில் இல்லாத முறையில், போதாத தளத்திலிருந்து கிளப்பினால் அந்த நேரத்தில் அது இரண்டாம் வகுப்புப் பயணம்தான். இதைச் சட்டமே ஒப்புக்கொள்ளும் இடங்களும் உண்டு. ஐரோப்பிய விதிகளில், 2002 ஜூலை 1-க்கு முன்பே புழக்கத்தில் இருந்த மருத்துவமனைத் தளங்கள் போன்ற பொதுநல இடங்களுக்கு, நிபந்தனைகளோடு முதல் வகுப்பிலிருந்து விலக்கு இருக்கிறது. தளத்தைச் சுற்றிக் கட்டடங்கள் எழும்பிவிட்டன, நோயாளியைக் கொண்டுபோகாமலும் இருக்க முடியாது; அந்தச் சில நொடி ஆபத்தை அறிந்தே ஏற்கிறார்கள்.

என்ஜின்கள் நன்றாக ஓடியும் மைதானத்திலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர் சுழன்று விழுந்ததே, அது எப்படி?

லெஸ்டரைக் கேட்கிறீர்கள். 2018 அக்டோபர் 27 அன்று இங்கிலாந்தின் லெஸ்டர் நகரக் கால்பந்து அரங்கில், ஆட்டம் முடிந்த பிறகு ஆடுகளத்தின் நடுவிலிருந்து ஏடபிள்யூ169 ஹெலிகாப்டர் ஒன்று கிளம்பியது. அரங்கின் கூரைகள் சூழ்ந்த இடம் என்பதால், மேலே விவரித்த அதே முறையில் பின்வாங்கி ஏறியது. முன்னால் திரும்பிப் போகத் தொடங்கியபோது வலப்பக்கம் சுழல ஆரம்பித்தது, வால் ரோட்டாரை இயக்கும் பெடலுக்குக் கட்டுப்படவில்லை. சுமார் 430 அடி வரை ஏறி, சுழன்றபடியே அரங்குக்கு வெளியே விழுந்தது. கழகத்தின் உரிமையாளர் விச்சாய் ஸ்ரீவத்தனபிரபா உட்பட 5 பேரும் இறந்தார்கள்.

பிரிட்டனின் விபத்து விசாரணைப் பிரிவு 2023 செப்டம்பரில் இறுதி அறிக்கை வெளியிட்டது. வால் ரோட்டாரில் ஒரு பேரிங் இறுகிப்போய், அதனால் கட்டுப்பாட்டுத் தண்டு கழன்றுகொண்டது. வால் ரோட்டார்தான் உடம்பு சுழலாமல் பிடித்து வைப்பது. வேகமாகப் பறக்கும்போது வால் செட்டையின் மேல் பாயும் காற்று அந்த வேலையில் பங்கெடுக்கும். வேகமில்லாமல் ஏறும்போது வால் ரோட்டாரைத் தவிர வேறு துணை இல்லை. பின்வாங்கி ஏறும் முறை என்ஜின் தோல்விக்கான ஏற்பாடு. அதற்காகச் சேர்த்து வைக்கும் உயரமும் வேகமின்மையும், வால் போனால் பாதகமாகத் திரும்புகின்றன. இதனால் அந்த முறை தவறு என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கூரைகளுக்கு நடுவிலிருந்து வேறெந்த முறையில் கிளம்பினாலும் தாழ்ந்த வேகத்தில் சில நொடிகள் கழிந்தே தீரும்.

திரும்ப இறங்க வேண்டி வந்தால் நேராகக் கீழே இறங்குவதுதானே வேகம்?

வேகம்தான், ஆனால் முன்வேகம் இல்லாமல், சக்தி கொடுத்துக்கொண்டே நிமிடத்துக்கு 300 அடிக்கு மேல் இறங்கினால் ஹெலிகாப்டர் தான் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே மூழ்கத் தொடங்கலாம். சுழல்வளைய நிலை என்பார்கள். அதில் மாட்டியபின் சக்தியைக் கூட்டக் கூட்ட இறக்கம் மோசமாகும். வெளியே வர உயரத்தைச் செலவழிக்க வேண்டும், தளத்துக்கு மேலே அந்த உயரம் இருக்காது. பின்வாங்கி ஏறுவதன் இன்னொரு நன்மை இங்கே தெரிகிறது. தளம் முன்னால் இருப்பதால் திரும்புவதும் முன்னோக்கிய சரிவில்தான் நடக்கும். ரோட்டார் பழைய காற்றைப் பின்னால் விட்டுவிட்டு வரும்.

பயணியாக நான் என்ன கேட்கலாம்?

‘எத்தனை என்ஜின்?’ என்று கேட்பதை விட, ‘இன்றைய வெப்பத்தில், இந்த எடையில், ஒரு என்ஜின் நின்றால் இந்தத் தளத்திலிருந்து என்ன செய்வீர்கள்?’ என்று கேளுங்கள். தயாராக இருப்பவர் இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்லிவிடுவார். உங்கள் எடையையும் பையின் எடையையும் கேட்டால் வெட்கப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். முடிவுப் புள்ளி முதல் எல்லாக் கணக்கும் அந்த எண்ணில்தான் நிற்கிறது.

இறங்கிவிட்டோம், என்ஜின் நின்றுவிட்டது. உடனே குதித்து ஓட வேண்டுமா?

தீயோ புகையோ இல்லாவிட்டால், ரோட்டார் முழுவதும் நிற்கும்வரை பெல்ட்டோடு உட்கார்ந்திருங்கள். வேகம் குறையும்போது இறக்கைகள் தொய்ந்து தலை உயரத்துக்குத் தாழும். நிதானமாகச் சுழல்வதுபோல் தெரியும் அந்தக் கட்டமே மோசமானது. வெளியேறச் சொன்னால் குனிந்து, விமானியின் கண்ணில் படும்படி முன்பக்கமாகவோ பக்கவாட்டிலோ போங்கள், வால் பக்கம் வேண்டவே வேண்டாம். தொப்பியும் துண்டும் கையில் இருக்கட்டும். சரிவான இடத்தில் இறங்கியிருந்தால் மேட்டுப் பக்கம் ஏறாதீர்கள். இறக்கைக்கும் தரைக்கும் இடைவெளி அங்கேதான் குறைவு.